ஆறு மாதத்துக்கு ஒரு கையெழுத்து

இஸ்ரேலில் அமெரிக்கத் தூதரகம் எந்த ஊரில் இருந்தால் மும்பை மாட்டுங்காவில் இருக்கிற நமக்கென்ன என்று கேட்பீர்கள். பகடி என்ற முன்பணம் கொடுத்துப் பழைய வாடகையிலேயே குடியிருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

டெல் அவிவில் இருந்த தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றச் சொல்லி 1995இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது. செனட்டில் ஆதரவு 93, எதிர்ப்பு வெறும் 5. 1999 மே 31க்குள் அங்கே தூதரகம் திறக்காவிட்டால் வெளியுறவுத் துறையின் கட்டடப் பணத்தில் பாதி முடங்கும். ஆனால் நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று அதிபர் எழுதிக் கொடுத்தால், அந்தத் தண்டனை ஆறு மாதம் தள்ளிப்போகும். மறுபடி எழுதினால் இன்னும் ஆறு மாதம். கிளின்டன், புஷ், ஒபாமா மூவரும் தவறாமல் எழுதினார்கள். புஷ், தேர்தலில் தூதரகத்தை மாற்றுவதாக வாக்குக் கொடுத்தவர்! 2017 டிசம்பர் 6 அன்று ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரித்த டிரம்பும், அதே நாளில் இன்னொரு ஒத்திவைப்பில் கையெழுத்திட்டார், கட்டடம் தயாராகவில்லை. 2018 மே 14இல் தூதரகம் திறந்தது. அன்று காசா எல்லையில் இஸ்ரேல் ராணுவம் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் இறந்தார்கள். அத்தனை வருடம் தள்ளிப்போட்டதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம்மூர் ஒத்திவைப்புக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. 1947ஆம் வருடத்துப் பம்பாய் வாடகைச் சட்டம், வீட்டுப் பஞ்சம் தீரும்வரை என்று கொண்டுவந்தது. வாடகையை 1940 செப்டம்பர் 1ஆம் தேதிக் கணக்கில் நிறுத்தினார்கள். சட்டத்துக்குக் காலக்கெடு உண்டு. கெடு நெருங்கும்போதெல்லாம் சட்டசபை நீட்டித்தது. குடியிருப்பவருக்கு ஓட்டு அதிகம், வீட்டுக்காரருக்குக் குறைவு. அந்த வாடகையில் எந்த வீட்டுக்காரர் கூரை ஒழுகலை அடைப்பார்? கட்டடங்கள்தான் தேய்ந்தன.

1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படி உறைந்த வாடகை நியாயமற்றதாகிவிட்டது என்றது. ஆனாலும் ரத்து செய்யவில்லை: 1998 மார்ச் 31இல் சட்டமே காலாவதியாகப் போகிறதே என்றது. ஆகவில்லை; திரும்பவும் நீட்டித்தார்கள். புதிய சட்டம் அமலுக்கு வந்தது 2000 மார்ச் 31இல். அதன்படி வீட்டுக்காரர் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம். நூறு ரூபாய் வாடகைக்கு நாலு ரூபாய்.