மூஞ்சூறும் மூஷிகமும்



ஏலக்காய்க்குப் பேர்போன இந்தப் போடியில் மூஞ்சூற்றைப் பார்க்காதவர் இருக்கமாட்டார்கள். கிடங்குச் சுவரோரம் கீச்சிட்டு ஓடும். நாற்றத்தை விட்டுப் போகும். எலியென்று நினைத்துப் பாஷாணம் வைக்கிறோம். அது எலி இனமே அல்ல. மூட்டையை அறுக்கும் உளிப்பல் அதற்குக் கிடையாது. கரப்பானும் பூச்சி புழுவுமே பிரதான ஆகாரம். முள்ளெலி என்கிறோமே, அதுதான் இதற்கு உறவு, அதுவும் எலியல்ல!

பாஷாணம் வைத்த கையே சாயங்காலம் பிள்ளையார் வாகனமென்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. மூஷிகம் என்றால் எலி. கதை சொல்லுகிறவர் பெருச்சாளி என்பார். பொம்மை செய்கிறவர் மூஞ்சூறு என்பார். நூறு கிராம் தேறுவதே அபூர்வமான பிராணியின் முதுகில் யானைத் தலையையும் தொந்தியையும் ஏற்றினவர்கள், அது இன்ன பிராணி என்றாவது முடிவு செய்திருக்க வேண்டாமா?

இவ்வியாதி நமக்கு மட்டுமென்று எண்ணாதீர்கள். மூஞ்சூறு மேலே ஓடினால் மாடு முடமாகுமென்று இங்கிலாந்தில் நம்பினார்கள். பரிகாரமாக, ஆஷ் என்னும் மரத்தில் துளையிட்டு, மூஞ்சூற்றை உயிரோடு வைத்து அடைத்து, அம்மரத்தின் கிளையால் மாட்டைத் தடவினார்கள். 1789-ல் வெளியான தமது நூலில் இதை எழுதிய கில்பர்ட் ஒயிட் ஒரு பாதிரியார்! எதிர்த்துப் பேசும் பெண்ணுக்கு அந்நாட்டார் இட்ட வசைப்பெயரும் மூஞ்சூறுதான். அப்படிப்பட்டவளை அடக்குவதையே ஷேக்ஸ்பியர் நாடகமாக்கினார். அதட்டுகிற புருஷனுக்கு ஒரு பிராணியின் பெயரையும் காணோம்.

மூஞ்சூற்றை வளர்க்கச் சொல்லவில்லை, தெள்ளுப்பூச்சி சுமக்கும். கும்பிடவும் வேண்டாம். கதவைத் திறந்து விரட்டுங்கள். மூட்டை அறுபட்டிருந்தால் எலியைத் தேடுங்கள்.