பழம்பொருளின் விலையும் ஏலக் கேள்வியும்

(திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான உபந்நியாசம்)



புதுப்பொருளுக்கு விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கும். பழம்பொருளுக்கு அவ்விதமான சீட்டு கிடையாது. விற்பவனுடைய அவசரமும் வாங்குபவனுடைய ஆசையும் சேர்ந்தே அதன் விலையை ஆக்குகின்றன. ஆதலால் பழம்பொருள் வாங்கப் புறப்படுவோனுக்குக் கையில் பணமிருந்தால் மாத்திரம் போதாது. மனத்தில் கணக்கும் இருத்தல் வேண்டும்.

குடியானவர் வாழ்க்கையில் இந்த வியாபாரம் அற்பமானதன்று. கிணற்றுக்கு வேண்டிய எண்ணெய் எஞ்சின், இரும்புக் குழாய், இடித்த வீட்டின் உத்திரமும் கதவும் நிலையும், பாரவண்டியின் சக்கரம் ஆகிய பலவும் பெரும்பாலும் பிறரிடம் புழங்கியபின்பே அவர் கைக்கு வருகின்றன. அவரும் கையிறுக்கம் நேர்ந்தபோது வெண்கலப் பானையையும் பித்தளை அண்டாவையும் நிறுத்து விற்கின்றார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து மீட்கத் தவறினால், அந்தச் சங்கிலியும் ஒருநாள் ஏலத்தில் பழம்பொருளாகவே கூறப்படுகின்றது. இவை யாவற்றிலும் கடைசியாகச் சொன்னதில்தான் குடும்பங்களுக்கு நேரும் நஷ்டம் பெரிது. அதனைக் கடைசியில் விரிவாகக் காணலாம்.

இரண்டு விலைகள்

எந்தப் பழம்பொருளுக்கும் இரண்டு விலைகள் உண்டு. ஒன்று உருக்கு விலை. அதாவது, அதனை உடைத்து மூலப்பொருளாக நிறுத்தால் கிடைக்கும் தொகை. மற்றொன்று உபயோக விலை. அதாவது, அது அதே உருவில் இன்னும் எத்தனை காலம் உழைக்குமோ அதற்குரிய தொகை. விற்பவன் உருக்கு விலைக்குக் கீழே இறங்கலாகாது. வாங்குபவன் உபயோக விலைக்கு மேலே ஏறலாகாது. நியாயமான பேரம் இவ்விரண்டிற்கும் நடுவே அமையும்.

ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதி போன்ற பழைய வீதிகளில் ஒரு குடும்பம் வீட்டைக் காலிசெய்யும்போது இதனைத் தெளிவாகக் காணலாம். பரணிலிருந்து இறங்கும் பாத்திரங்களைப் பழைய பாத்திரக்காரர் ஒரே தராசில் ஏற்றி, ஒரே விலை போட்டு எடுத்துச் செல்ல விரும்புவர். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்தது; வெண்கலம் தாமிரமும் வெள்ளீயமும் கலந்தது. வெள்ளீயம் துத்தநாகத்தினும் பன்மடங்கு விலையுயர்ந்ததாதலால் வெண்கலத்தின் உருக்கு விலையும் அதிகம். விரலால் சுண்டினால் வெண்கலம் மணிபோல நெடுநேரம் ஒலிக்கும். பித்தளை அவ்வாறு ஒலிக்காது. இவ்வளவு சிறிய சோதனையைச் செய்து இரண்டையும் பிரித்து நிறுப்பவர் நஷ்டமடைவதில்லை.

பழைய பட்டுச் சேலைக்கும் இதுவே நியாயம். அசல் சரிகையில் வெள்ளியும் அதன்மேல் மெல்லிய பொன்முலாமும் உண்டு. போலிச் சரிகையில் வெள்ளி மிகச் சொற்பம், அல்லது இல்லவே இல்லை. சேலை கிழிந்திருப்பினும் அசல் சரிகையின் வெள்ளி கிழிவதில்லை. ஆகவே, "கந்தல்தானே" என்று பிளாஸ்டிக் குடத்திற்கு மாற்றிக்கொள்ளுமுன் சரிகையைச் சோதித்தறிதல் அவசியம்.

மாடு வாங்குவோர் இந்தக் கணக்கைப் பரம்பரையாகவே அறிந்திருக்கின்றனர். இந்த ஜில்லாவில் பேர்பெற்ற மணப்பாறைச் சந்தைக்குச் செல்வோர் முதலில் பார்ப்பது மாட்டின் வாயையே. கீழ்த்தாடையின் முன்பற்கள் எட்டும் இரண்டிரண்டாக விழுந்து முளைக்கின்றன. இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடை முளைத்தது என்ற வரிசையால் வயது தெரிகின்றது. வயதினால் இன்னும் உழைக்கும் ஆண்டுகள் தெரிகின்றன. மாட்டின் பல்லைப் பார்க்காமல் விலை பேசாத குடியானவர், எஞ்சினின் தேய்மானத்தைப் பார்க்காமல் விலை பேசுவது வியப்பே.

ஓர் எஞ்சின் கணக்கு

உதாரணமாக, புதிதாய் வாங்கினால் 40,000 ரூபாய் ஆகும் பம்பு எஞ்சின் ஒன்று 10 ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏலத்திற்கு வந்துள்ள எஞ்சின் 6 ஆண்டு ஓடியது. மீதி 4 ஆண்டு. ஆண்டிற்கு 4,000 ரூபாய் வீதம் அதன் உபயோகம் 16,000 ரூபாய் பெறும். இதில் பழுதுபார்க்க 3,000 ரூபாயும், வண்டிச் சத்தமும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் 1,000 ரூபாயும் செல்லும். மிஞ்சுவது 12,000 ரூபாய். ஏலத் தொகைக்கு மேல் வரி உண்டெனில் அதையும் இதற்குள்ளேயே அடக்க வேண்டும். பழம்பொருளுக்கு உத்தரவாதம் இல்லையாதலின், அந்த அபாயத்திற்காக இன்னும் ஒரு பங்கைக் கழித்து, 10,000 ரூபாயே கடைசி வரம்பு என்று முடிவு செய்பவர் புத்திசாலி.

இந்தக் கணக்கை ஏலக் களத்தில் போட இயலாது. அதனை முந்திய நாளே வீட்டில் போட்டு, தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செல்லவேண்டும். ஏலக்காரர் "ஒருதரம், இரண்டுதரம்" என்று கூவும்போது நம்பத் தகுந்தது அந்தச் சீட்டு ஒன்றே.

ஏலத்தின் சட்டம்

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு ஏலத்தைப்பற்றிக் கூறுகின்றது. அதன் சாரத்தை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் நலம். பொருள்கள் தனித்தனிக் குவியல்களாக ஏலம் விடப்பட்டால் ஒவ்வொரு குவியலும் தனி ஒப்பந்தமாகக் கருதப்படும். சுத்தியல் விழும்போது, அல்லது வழக்கப்படி மூன்றாந்தரம் கூறி முடிக்கும்போது, விற்பனை பூர்த்தியாகின்றது. அதற்குமுன் கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். விற்பவர் தமக்கு உரிமை வைத்துக்கொண்டதாக முன்னரே அறிவித்தாலன்றித் தாமும் கேட்கலாகாது. தமக்காகப் பிறரைக் கேட்கச் செய்யவும் ஆகாது. போலிக் கேள்விகளால் விலையை ஏற்றியிருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையைத் தள்ளிவிடலாம். குறைந்தபட்ச விலை குறித்து விற்பதும் சட்டத்திற்கு உடன்பாடே.

பெரிய ஸ்தாபனங்களின் ஏலத்தில் இவற்றோடு தனி நிபந்தனைகளும் உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-ஆம் ஆண்டளவில் பொன்மலைக்கு வந்தது. பணிமனையுள்ள இடத்தில் பழைய இரும்பும் கழிவுச் சாமான்களும் சேர்வது இயல்பு. ரயில்வேக் கழிவுகள் முன்னாளில் நேரில் கூவி விற்கப்பட்டன. இக்காலத்தில் மின்னணு ஏலமாகக் கணிப்பொறி வழியே விற்கப்படுகின்றன. முறை மாறினும் தத்துவம் ஒன்றே. இத்தகைய ஏலங்களில் முன்பணம் கட்டவேண்டும். சாமான் உள்ளது உள்ளபடி, கிடக்கும் இடத்திலேயே ஒப்புவிக்கப்படும். குறித்த நாளுக்குள் மீதிப்பணம் செலுத்தி எடுத்துச் செல்லாவிடில் முன்பணம் போய்விடும். "உள்ளது உள்ளபடி" என்ற சொற்களின் பொருள், குற்றங்குறை யாவும் வாங்குபவர் தலைமேல் என்பதே. ஆகவே, பார்வையிடக் குறித்த நாளில் நேரில் சென்று பாராதவர் ஏலத்திற்கும் செல்லாதிருத்தல் நன்று.

கேட்போர் செய்யும் பிழைகள்

முதற் பிழை, போட்டியில் ரோஷம் கொள்வது. அடுத்த ஊர்க்காரர் 11,000 என்றவுடன் சீட்டிலுள்ள 10,000 மறந்துபோகின்றது. அதன்பின் நடப்பது வியாபாரமன்று, வழக்கு. களத்தில் ஜயித்தவர் வீட்டிற்குக் கடனோடு திரும்புகின்றார்.

இரண்டாம் பிழை நுட்பமானது. ஒரே பொருளைப் பத்துப்பேர் மதிப்பிட்டால் சிலர் குறைவாகவும் சிலர் அதிகமாகவும் மதிப்பர். பெரும்பாலும் உண்மை விலை நடுவில் இருக்கும். ஆனால் ஏலம் கிடைப்பது நடுவில் நின்றவருக்கன்று. எல்லாரினும் அதிகமாக மதித்தவருக்கே. ஆகவே, ஏலம் தமக்குக் கிடைத்தது என்பதே தாம் அதிகமாக மதித்துவிட்டதற்கு ஓர் அறிகுறியாகலாம். இதனை 1971-ஆம் ஆண்டில் கேப்பன், கிளாப், காம்பெல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் மூவர் எழுதிக் காட்டினர். கடலடி எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த பெரிய கம்பெனிகள் எதிர்பார்த்த லாபத்தை அடையாததற்கு இதுவே காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு. வென்றவர் சாபம் என்று பொருளாதார நூலோர் இதற்குப் பெயரிட்டுள்ளனர். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு நேர்ந்தது எஞ்சின் கேட்பவருக்கும் நேரும். கேட்போர் கூட்டம் பெருகப் பெருக வரம்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டுமேயன்றி ஏற்றலாகாது.

மூன்றாம் பிழை, கேட்போர் தமக்குள் கூடிக்கொள்வது. நால்வர் பேசிவைத்து ஒருவரை மாத்திரம் கேட்கவிட்டு, பிறகு சாமானைப் பங்கிட்டுக்கொள்வதைச் சாமர்த்தியம் என்று சிலர் எண்ணுகின்றனர். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இத்தகைய கூட்டுச்சதியைக் கண்டிக்கின்றது. சட்டம் ஒருபுறம் இருக்க, இந்தக் கூட்டினால் நஷ்டமடைபவர் யார் என்பதை நகை ஏலத்தில் பார்த்தால் கண்ணீரே வரும்.

நகை ஏலம்

16 கிராம், அதாவது 2 பவுன் எடையுள்ள சங்கிலி ஒன்று ஈடாக இருக்கின்றது. கணக்கின் எளிமைக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று கொண்டால் அதன் உருக்கு விலை 1,60,000 ரூபாய். கடனும் வட்டியும் செலவும் சேர்ந்து 1,15,000 ரூபாய் நிற்கின்றது. ஏலம் நேர்மையாக நடந்து 1,50,000 ரூபாய்க்குப் போனால் கடன்காரருக்கு 35,000 ரூபாய் திரும்பும். ஏலங் கேட்போர் கூடிக்கொண்டு 1,20,000 ரூபாய்க்கு முடித்தால் 5,000 ரூபாயே திரும்பும். கடன் கொடுத்தவருக்கு இரண்டிலும் பாக்கி முழுதும் வசூலாகிவிடுகின்றது. ஆகவே, அவருக்கு ஏலம் எப்படி நடந்தாலும் கவலையில்லை. 30,000 ரூபாய் நஷ்டம் முழுதும், களத்திற்கே வராத ஒரு பெண்ணின் தலையில் விழுகின்றது. அடகு நகை ஏலத்தில் காணவேண்டிய உண்மை இதுவே: பணம் பெறுபவர் ஒருவர், விலையால் வாழ்பவர் அல்லது கெடுபவர் வேறொருவர்.

இவ்விஷயத்தில் சட்டம் கடன்காரரைக் கைவிடவில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 176-ஆம் பிரிவின்படி, ஈட்டுப்பொருளை விற்குமுன் நியாயமான அறிவிப்புக் கொடுக்கவேண்டும். பாக்கிபோக மிஞ்சிய தொகையை ஈடுவைத்தவரிடமே சேர்ப்பிக்கவேண்டும். தனியார் அடகுக் கடைகளுக்கு இந்த மாகாணத்தில் 1943-ஆம் ஆண்டிலேயே அடகு பிடிப்போர் சட்டம் ஏற்பட்டது. 2025 ஜூன் மாதத்தில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் நகைக்கடன் பற்றிய புதிய கட்டளைகளை வெளியிட்டது. அவற்றின்படி ஏலத்தின் குறைந்தபட்ச விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்திற்குக் குறையலாகாது. இருமுறை ஏலம் போகாவிடில் 85 சதவீதம்வரை இறங்கலாம். மிகுதித் தொகையை, ஏலப்பணம் முழுதும் வந்தபின் 7 வேலை நாட்களுக்குள் திருப்பவேண்டும்.

இவ்வுரிமைகள் காகிதத்தில் இருப்பது போதாது. அறிவிப்புக் கடிதம் பழைய விலாசத்திற்குப் போனால் பயனில்லை. ஆகவே வீடு மாறியவர் உடனே விலாசத்தை எழுதிக் கொடுக்கவேண்டும். அறிவிப்புக் கிடைத்தவர் வெட்கத்தால் மறைந்துகொள்வது பெரும் பிழை. நகையை விற்பதே முடிவானால், ஏலத்திற்கு விடாமல் தாமே பணம் புரட்டி மீட்டு, பெரிய கடைவீதியில் நாலு கடை விசாரித்து விற்பது பெரும்பாலும் அதிக லாபம். அதுவும் இயலாவிடில் ஏலத்தன்று நேரில் இருக்கவேண்டும். எடை, கல் கழிவு, விலை மூன்றையும் குறித்துக்கொண்டு, மிகுதித் தொகையைக் கேட்டுப் பெறவேண்டும்.

சங்கம் செய்யத்தக்கவை

ஏலம் விடும் சங்கம், தேதியை ஊரறியத் தண்டோரா போட்டும் பலகையில் எழுதியும் தெரிவிக்கவேண்டும். குறைந்தபட்ச விலையை அன்றைய மார்க்கெட் நிலவரப்படி நிர்ணயிக்கவேண்டும். நிர்வாகிகளும் நகை மதிப்பீட்டாளரும் அவர்தம் உறவினரும் கேட்கக் கூடாதெனத் தீர்மானம் செய்யவேண்டும். ஏலம் முடிந்ததும் மிகுதித் தொகையின் கணக்கைக் கடன்காரருக்கு எழுத்து மூலம் அனுப்பவேண்டும்.

வாங்கும் அங்கத்தினர்களுக்கும் சங்கம் உதவலாம். 1970-ஆம் ஆண்டில் ஜார்ஜ் அகர்லாப் என்னும் பொருளாதார அறிஞர் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை ஆராய்ந்து ஓர் உண்மையை விளக்கினார். 2001-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய இயலாத வாங்குபவர் நடுத்தர விலையே கொடுப்பார். அவ்விலைக்கு நல்ல வண்டியுடையவர் விற்க மாட்டார். நாளடைவில் சந்தையில் கெட்ட வண்டிகளே மிஞ்சும் என்பதே அது. இதற்குப் பரிகாரம் நம்பிக்கையான பரிசோதனை. ஒரு மெக்கானிக்கைத் தனியொருவர் கூலிகொடுத்து அழைத்துச் செல்வது பாரம். பத்து அங்கத்தினர் சேர்ந்தால் அற்பச் செலவு. பரிசோதனை செய்து, கணக்கிட்டு, ஒரே வரம்பு வைத்து, சங்கத்தின் பெயரால் வெளிப்படையாகக் கேட்டு வாங்குவது கூட்டுறவு. பேசிவைத்துப் போட்டியை அடக்கிப் பிறர் பொருளைக் குறைத்து எடுப்பது கூட்டுறவன்று, அது கூட்டுக்கொள்ளை. இரண்டிற்கும் உள்ள பேதத்தை அங்கத்தினர் ஒருபோதும் மறத்தலாகாது.

அங்கத்தினர்களே, இனி ஏலத்திற்குச் செல்லும் நாளில் மூன்று காரியங்களைச் செய்க: முந்திய நாளே பொருளைப் பார்வையிடுக, இரண்டு விலைகளையும் கணக்கிட்டுச் சீட்டில் எழுதுக, அந்தச் சீட்டைத் தாண்டாதிருக்க. ஏலத்தில் வரும் பொருள் அடகு நகையாயின் நான்காவதாக ஒன்றையும் நினைக்க: அந்த நகைக்கு உடையவர் ஒருவர் உண்டு, குறைத்துக் கேட்கச் சதி செய்யும் ஒவ்வொரு ரூபாயும் அவர் மடியிலிருந்தே எடுக்கப்படுகின்றது.