வண்டி நடுங்கினால் எஞ்சினைத் திட்டாதீர்கள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், இந்நாள் மாணவர்களும் கலந்துகொண்ட அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



"எஞ்சின் மவுண்டிங் பற்றிப் பேசுகிறேன்" என்று சொன்னதும் செயலாளர் கொஞ்சம் தயங்கினார். "ஏம்ப்பா, வேற பெரிய விஷயம் எதுவும் இல்லையா?" என்றார். "சார், வாசல்ல நிக்கிற வண்டிகளை ஒரு தரம் பார்த்துட்டு வாங்க. பாதிப் பேரு அதுலதான் வந்திருக்காங்க. அந்தப் பாதியில நாலு பேருக்காவது கை மரத்துப்போயிருக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். காவிரிப் பாலம், சத்திரம், பாலக்கரை, அரியமங்கலம், திருவெறும்பூர் என்று போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் அந்த ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கிறோம். அது நடுங்கினால் நடுங்குவது வண்டி மட்டும் இல்லை.

முதலில், ஏன் நடுங்குகிறது? ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலே போய் நின்று, கீழே வந்து நின்று, மறுபடி மேலே போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஸ்டன், பின், கனெக்டிங் ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்த்து 200 கிராம், கிராங்கின் ஆரம் 25 மில்லிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 5000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 200 கிராமைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டிய விசை சுமார் 1370 நியூட்டன். நம்ம பாஷையில் 140 கிலோ மூட்டை. அந்த மூட்டையை விநாடிக்கு 83 தடவை மேலேயும் கீழேயும் மாற்றி மாற்றி வீசுகிற மாதிரி. வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நாலு மடங்காகும்.

கிராங்கில் எதிர் எடை வைத்து இதைக் குறைக்கலாம். ஆனால் எதிர் எடை சுற்றுகிறது, பிஸ்டன் நேர்கோட்டில் போகிறது. மேல்-கீழ் ஆட்டத்தை முழுக்க அடக்கினால் முன்-பின் ஆட்டம் அதே அளவுக்கு வந்துவிடும். அதனால் பாதியை மட்டும் அடக்கி மீதியைச் சகித்துக்கொள்வார்கள். நம்ம பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது பழைய கதை. நீராவி எஞ்சினில் பிஸ்டனுக்காகச் சக்கரத்தில் எதிர் எடை வைத்தால், அது தண்டவாளத்தைச் சம்மட்டி மாதிரி அடிக்கும். ரயில் எஞ்சினுக்கும் பைக்குக்கும் ஒரே தலைவலி.

மீதியாக இருக்கிற அந்த நடுக்கம் எஞ்சினை விட்டு நம்மிடம் வருகிற வழிதான் மவுண்டிங். மெக்கானிக்குகள் "பவுண்டேஷன் போல்ட்" என்பார்கள். நல்ல பெயர்! எஞ்சினை ஃபிரேமோடு பிடிக்கிற போல்ட், பிளேட், பிராக்கெட், ரப்பர் புஷ் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த அஸ்திவாரம்.

எல்லா வண்டியிலும் இது ஒரே மாதிரி இல்லை. சென்னை திருவொற்றியூரில் 1955 முதல் தயாரான பழைய புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். எஞ்சின் பிளேட்டுகளால் ஃபிரேமோடு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கும், ரப்பர் கிடையாது. அந்த நடுக்கத்தை ரசிக்கிறவர்கள் உண்டு, நான் ஒன்றும் சொல்லவில்லை! 2020-இல் மீட்டியார் 350-இல் வந்த புது எஞ்சினில் பேலன்ஸர் ஷாஃப்ட் வைத்து, நடுக்கத்தைப் பிறக்கிற இடத்திலேயே குறைத்தார்கள். 1972-இல் வந்த பஜாஜ் சேட்டக் வேறு ஜாதி. அதில் எஞ்சினே பின்சக்கரத்தைத் தாங்கும் கை. அந்தக் கை ஃபிரேமில் மாட்டியிருக்கும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். அது தேய்ந்தால் நடுக்கமும் வரும், பின்பக்கம் அலைபாயவும் செய்யும். இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனி 1967-இல் அறிமுகப்படுத்திய கமாண்டோவில் எஞ்சின், கியர் பாக்ஸ், பின்சக்கரக் கை மூன்றையும் ஒரு தொகுதியாக்கி, ரப்பரில் தொங்கவிட்டார்கள். ஓட்ட அருமையாக இருந்தது. ஆனால் அந்த மவுண்டிங்கின் பக்கவாட்டு இடைவெளியை அவ்வப்போது சரி பண்ண வேண்டும். கவனிக்காமல் விட்டால் வளைவில் வண்டி தள்ளாடும். ரப்பர் வைத்தால் அதைப் பராமரிக்கிற பொறுப்பும் கூடவே வரும்.

ரப்பர் எப்படி வேலை செய்கிறது? நம்ம வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்தோடு சேர்த்துத் தள்ளினால் குழந்தை கூட ஆளைத் தூக்கி ஆட்டிவிடும். தாளத்தைவிட ரொம்ப வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் ஊஞ்சல் அசையாது. ரப்பரில் உட்கார்ந்த எஞ்சினும் ஊஞ்சல்தான்.

டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி பேப்பரில் 16 மார்க்குக்கு ஒரு கிராஃப் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? டிரான்ஸ்மிஸிபிலிட்டி! அதை மனப்பாடம் செய்து எழுதி மறந்துவிட்டோம். இப்போது உபயோகப்படுத்துவோம். மவுண்டிங்கின் இயல்பான தாளம் விநாடிக்கு 25 அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 5000 சுற்றில் எஞ்சின் 83 அதிர்வு கொடுக்கிறது. ரப்பரின் தணிப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஃபிரேமுக்குப் போவது பத்தில் ஒரு பங்குதான். அந்த 140 கிலோ மூட்டை 14 கிலோ ஆகிவிட்டது.

வருஷங்கள் ஓடுகின்றன. எஞ்சின் சூடு, வெயில், கசியும் ஆயில் எல்லாம் சேர்ந்து ரப்பர் இறுகிப் போகிறது. விறைப்பு நாலு மடங்கு ஆனது என்று வைத்துக்கொண்டால், தாளம் இரண்டு மடங்காகி 50 ஆகும். இப்போது 5000 சுற்றில் பாதிக்கு மேல் ஃபிரேமுக்குப் போகிறது. அதைவிட மோசம், 3000 சுற்றில் எஞ்சினின் தாளமும் சரியாக 50! ஊஞ்சலைத் தாளத்தோடு தள்ளுகிற கதை. புது ரப்பரில் மூன்றில் ஒரு பங்குதான் வந்துகொண்டிருந்த அதே 3000-இல், இப்போது ரப்பரே இல்லாத வண்டியைவிட மோசமாக நடுங்கும். "குறிப்பிட்ட ஸ்பீடுல மட்டும் உதறுது சார்" என்று ஒருவர் சொன்னால் அவர் புத்தகத்தைப் படிக்காமலே அந்த கிராஃபைச் சொல்கிறார்.

எண்கள் உதாரணத்துக்குத்தான், வண்டிக்கு வண்டி மாறும். காரணம் மாறாது.

நண்பர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. லால்குடி, முசிறி, துறையூர் என்று நாள் முழுக்க பைக்கில்தான் வாழ்க்கை. ஒரு கட்டத்தில் ராத்திரி சட்டை பட்டன் போட முடியாமல் விரல் மரத்துப்போனது. நரம்புக் கோளாறு என்று பயந்து டாக்டரிடம் போனார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வண்டி ஓட்டுறீங்க?" வண்டியை ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். போர் செய்து, பிஸ்டன் மாற்றி, கிராங்க் பார்க்க வேண்டும் என்று பெரிய தொகை எழுதிக்கொடுத்தார்கள். அவ்வளவு பணம் போடுவதற்கு வண்டியையே விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, கடைசியாகத் திருவானைக்கோவில் பக்கம் ஒரு சின்னக் கடையில் நிறுத்தினார்.

அந்த மெக்கானிக் எஞ்சினைத் தொடவே இல்லை. வண்டியை ஆக்ஸிலேட்டரில் விட்டு, மேல் பிராக்கெட்டில் விரலை வைத்துப் பார்த்தார். "இங்க பாருங்கண்ணே" என்றார். ரப்பர் புஷ் கல்லாகி, உள்ளே விரிசல். கீழ் போல்ட் ஒன்று லூஸ். அதைவிட முக்கியம், பிராக்கெட் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு துருக்கோடு. பெயிண்டில் கீறல் என்று நினைக்கலாம். அது உலோக விரிசல். இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால், துறையூர் ரோட்டில் லாரிக்கு முன்னால் அது விட்டுப் போயிருக்கும். பிராக்கெட், புஷ், போல்ட் மாற்றியதற்கு ஆன செலவு, எஞ்சின் வேலைக்குச் சொன்னதில் ஒரு சின்னப் பங்கு. சில வாரத்தில் விரல் சரியாயிற்று. வண்டி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

கை மரத்துப்போவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருஷக்கணக்கில் அதிர்வு பட்டால் விரலின் ரத்த ஓட்டமும் நரம்பும் பாதிக்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். ஐரோப்பிய யூனியன் 2002-இல் தொழிலாளர்களுக்காகவே ஒரு விதி கொண்டுவந்தது. 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்டு, கையில் படும் அதிர்வு 2.5 மீட்டர்/விநாடி²-ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. நம்ம ஊரில் பார்சலும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளைகள் எத்தனை மணி நேரம் வண்டியில் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி.

ஒன்று: வண்டி நின்றபடியே, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை உயர்த்தினால் நடுக்கம் வருகிறதா? வந்தால் எஞ்சின் பக்கம்.

இரண்டு: ஓட்டும்போது கிளட்சைப் பிடித்து எஞ்சின் வேகத்தைக் குறைத்த பிறகும் தொடர்கிறதா? தொடர்ந்தால் சக்கரம், டயர், செயின் பக்கம். அதன் தன்மையே வேறு. சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு ஒன்பது சுற்றுகூட முழுசாகச் சுற்றாது. அது ஆட்டம். எஞ்சினுடையது ரீங்காரம். கைக்கு வித்தியாசம் தெரியும்.

மூன்று: மெதுவாக வந்ததா, திடீரென்று வந்ததா? மெதுவாக என்றால் ரப்பர் இறுகியிருக்கலாம். திடீரென்று என்றால் போல்ட், பிராக்கெட், விரிசல். சமீபத்தில் எஞ்சினை இறக்கி ஏற்றினார்களா என்றும் கேளுங்கள். ஒரு போல்ட்டை மறந்திருக்கலாம், முறுக்காமல் விட்டிருக்கலாம். ஹேண்டில் பார் முனையில் இருக்கும் எடை கழன்று விழுந்திருந்தாலும் கை மட்டும் மரக்கும், அதையும் பாருங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியில் தாங்கிய பிறகே போல்ட்டைக் கழற்றுங்கள். போல்ட் சுலபமாக வெளியே வர வேண்டும். சம்மட்டி தேவைப்பட்டால் எடை இன்னும் போல்ட்டின் மேல் நிற்கிறது என்று அர்த்தம். பழைய புஷ்ஷை அடித்து எடுக்காமல், அளவான சாக்கெட் வைத்து வைஸிலோ பிரஸ்ஸிலோ தள்ளுங்கள். புதுசை ஏற்ற கிரீஸ், ஆயில் வேண்டாம், பல ரப்பர்களை அது ஊதவைக்கும். சோப்புத் தண்ணீர் போதும். எல்லா போல்ட்டையும் முதலில் லூஸாகப் போட்டு, எஞ்சின் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு, கம்பெனி புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். சேட்டக் மாதிரி வண்டிகளில், வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் பிறந்ததிலிருந்தே முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். லாக் நட் புதுசு போடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள். ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் போல்ட்டை எவ்வளவு முறுக்கியும் பயனில்லை; முதலில் ஓட்டையைச் சரி செய்ய வேண்டும். "கெட்டியா இருக்கு, ரொம்ப நாள் உழைக்கும்" என்று கடையில் கொடுத்தால், நாம் போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இறுகிய ரப்பருக்குத்தானே விடை கொடுக்கிறோம்?

நம்ம காவிரிப் பாலத்துக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது. 1976-இல் கட்டிய பாலம். 2022 நவம்பரில் போக்குவரத்தை மாற்றிவிட்டு, பேரிங்குகளையும் தளங்களுக்கு நடுவிலுள்ள இணைப்புகளையும் மாற்றி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். தூணை இடிக்கவில்லை, தளத்தைப் பெயர்க்கவில்லை. பெரிய இரண்டு பாகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இரண்டின் அசைவையும் வாங்கிக்கொண்டு தேய்ந்துபோன சின்னப் பாகத்தைத்தான் மாற்றினார்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நாளைக்கு நீங்கள் பாய்லர் ஆலையில் இருப்பீர்கள், பம்ப் ஹவுஸில் இருப்பீர்கள், மின்சார வண்டிக் கம்பெனியில் இருப்பீர்கள். எங்கே இருந்தாலும் ஒரு இயந்திரம் அதிரும், "மெஷினையே மாத்திடலாம்" என்று யாராவது சொல்வார்கள். கையெழுத்துப் போடும் முன்னால் அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். அந்தத் திருவானைக்கோவில் மெக்கானிக் விரல் நுனியில் வைத்திருக்கும் அறிவையும், நம் பேராசிரியர்கள் போர்டில் போட்ட கிராஃபையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டியது நம் வேலை. அவருக்கு கிராஃப் தெரியாது. நமக்கு விரல் பழகவில்லை. இரண்டும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் வண்டி விலைபோகாமல் நிற்கும், ஒருவருடைய கை பிழைக்கும்.

 கேள்விகள் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள். வண்டியைக் கொண்டுவந்தாலும் சரி, பார்த்துவிடலாம்.