விலகிய நந்தியும் விலகாத மனமும்

(திருமுல்லைவாயில் திருக்கோயில் பெருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே, ஒருகாலத்தில் முல்லைக் காடாக இருந்த இத்தலத்தில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு மாசிலாமணீசுவரர் என்பது திருநாமம். மாசு அற்ற மணி இறைவன்; மாசு உற்றது உயிர். உயிரைப் பற்றிய மாசுகள் பலவற்றுள் ஒன்றனை மட்டும் இன்று சிந்திக்க விரும்புகிறோம். ஒருவரோடு பழகி அறியுமுன்னரே, அவர் பிறந்த குடியையோ ஊரையோ பெயரையோ கேட்ட அளவில், 'இவர் இத்தன்மையர்' என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அந்த மாசுதான் அது. உளவியலார் இதனைத் தப்பெண்ணம் என்பர். அவ்வெண்ணம் செயலாக முதிரும்போது ஒதுக்கல் ஆகிறது.

'இது மேடையில் பேசுவோர்க்கு உரிய செய்தி. சிவாலயத்தில் இதற்கு என்ன இடம்?' என்று சிலர் கருதலாம். இடம் தந்தவர் சேக்கிழார் பெருமான். பூவிருந்தவல்லிக்கு அண்மையில் உள்ள குன்றத்தூரில் தோன்றிய அவர், நம் அயலூர்ப் பெரியவர். அவர் அருளிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாற்றை மீண்டும் ஒருமுறை கருத்தூன்றிப் பார்ப்போம்.

கொள்ளிடக்கரையை அடுத்த ஆதனூரிலே, புலைப்பாடியிலே தோன்றியவர் நந்தனார். கோயில் முரசுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளிப்பது அவர் தொண்டு. அவர் தந்த தோல் கோயிலுக்குள்ளே ஒலிக்கிறது. தந்தவரோ வாயிலுக்கு வெளியே நிற்கிறார்! பொருள் உள்ளே செல்கிறது, ஆள் செல்லக் கூடவில்லை. ஒதுக்கல் என்பதன் வடிவத்தை இதைவிடத் தெளிவாக யார் காட்ட வல்லார்? திருப்புன்கூரில் வாயிற்புறத்தே நின்று நேரே தொழ விழைந்தபோது, இடையே நந்தி மறைத்தது. இறைவன் திருவுளம் கொண்டான், நந்தி விலகிற்று. மகிழ்ந்த நந்தனார் அவ்வூரில் குளம் ஒன்று தோண்டி, தம் ஊர் திரும்பினார்.

பின்னர்த் தில்லைக்குச் செல்கிறார். இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பிற்காலத்து இசை நாடகங்களையும் திரைப்படங்களையும் கண்ட நமக்கு, யாரோ ஒருவர் அவரைத் தடுத்து நிறுத்தியதாகவே நினைவு வரும். சேக்கிழார் வாக்கில் தில்லை எல்லையில் அவரைத் தடுத்தவர் எவரும் இலர். வேள்விப் புகையைக் கண்ட அளவில், தம் பிறப்பை எண்ணித் தாமே நின்றுவிடுகிறார். இரவும் பகலும் ஊரின் புறத்தே வலம் வருகிறார். உள்ளே அடி வைக்கத் துணிவு வரவில்லை. பல தலைமுறைகளாகப் பிறர் சொல்லி வந்த 'நில்' என்னும் சொல், இப்போது அவர் நெஞ்சுக்குள்ளிருந்தே ஒலிக்கிறது. திருப்புன்கூரில் நந்தி புறத்தே நின்றது. தில்லையிலோ நந்தி அகத்தே நின்றது.

சேக்கிழார் கண்ட இவ்வுண்மையை இக்கால ஆய்வாளரும் வேறொரு வழியிற் கண்டனர். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இருவர், உத்தரப்பிரதேச மாநிலத்துச் சிற்றூர்ச் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்த்தி, அதன் முடிவை 2006ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்கள் அவர்கள். உயர்ந்தவர் எனப்படும் சாதியார் 321 பேர், தாழ்ந்தவர் எனப்படும் சாதியார் 321 பேர். தாளில் வரைந்த புதிர்வழிகளைத் தீர்க்க வேண்டும். தீர்த்தால் காசு உண்டு. சாதியைக் கூறாதவிடத்து இரு சாராரும் ஏறத்தாழ ஒத்த திறமே காட்டினர். பிறிதோரிடத்தில், சோதனைக்கு முன் ஒவ்வொரு சிறுவனுடைய பெயர், ஊர், தந்தை பெயர், பாட்டனார் பெயர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னும் உரக்கப் படித்தனர். அவ்வளவே! ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறம் குறைந்தது. அறிவு அதே அறிவு. கை அதே கை. சாதிப்பெயர் ஒன்று காதில் விழுந்தது. நெஞ்சுக்குள் நந்தி வந்து நின்றுவிட்டது.

அன்பர்களே! இம்மாசு தீயவர்க்கு மட்டுமே உரியது என்று எண்ணி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. போலந்து நாட்டில் யூத குடும்பத்தில் பிறந்து, இரண்டாம் உலகப்போரின் கொடுமையில் தம் சுற்றத்தாரைப் பறிகொடுத்த ஹென்றி தாஜ்ஃபெல் என்னும் அறிஞர், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிச் சிறுவர்களை ஆராய்ந்தார். ஆய்வு 1971இல் வெளிவந்தது. 'இந்த ஓவியரை விரும்புவோர் நீங்கள், அந்த ஓவியரை விரும்புவோர் அவர்கள்' என்று பொருளற்ற ஒரு காரணத்தைச் சொல்லி அச்சிறுவர்களை இரண்டாகப் பிரித்தார். பழம்பகை இல்லை, நிலத்தகராறு இல்லை, தம் அணியில் யார் யார் உளர் என்பதும் தெரியாது. ஆயினும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் அணிக்கே சார்ந்து நின்றனர். தம் அணிக்கு வரும் ஊதியம் குறைந்தாலும் குறைக, அவரைவிட நம் அணிக்கு மிகுதியாக இருத்தல் வேண்டும் என்று பங்கிட்டாரும் உண்டு! கோடு கிழித்தால் போதும். கோட்டுக்கு இப்பால் அன்பும் அப்பால் அயன்மையும் தாமே முளைத்துவிடுகின்றன.

ஓவியர் பெயருக்கே இவ்வளவு என்றால், நூற்றாண்டுகளாகக் கிழித்த கோட்டின் வலிமையைச் சொல்லவும் வேண்டுமோ? தமிழகத்துப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர் கையிற் கட்டும் வண்ணக் கயிறு சாதி அடையாளம் ஆயிற்று. 2023ஆம் ஆண்டு நாங்குநேரியில் மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, அக்கயிறுகள் பள்ளிக்குள் வரலாகாது என்று 2024 ஜூன் மாதத்தில் பரிந்துரை செய்தது. கயிற்றை அவிழ்ப்பது எளிது; கயிறு கட்டிய எண்ணத்தை அவிழ்ப்பது எப்படி?

இதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்து அறிஞர் கோர்டன் ஆல்போர்ட், 1954இல் வெளியிட்ட தம் நூலில் வழி ஒன்று கூறினார். வெறுமனே அருகருகே இருத்தலால் தப்பெண்ணம் நீங்காது. நான்கு வேண்டும் என்றார்: இருவரும் சமநிலையில் இருத்தல், இருவர்க்கும் குறிக்கோள் ஒன்றாதல், ஒருவரை ஒருவர் தள்ளாது கூடி உழைத்தல், பெரியோரும் சட்டமும் வழக்கமும் அக்கூட்டுறவுக்குத் துணை நிற்றல்.

இந்நான்கும் நம் சமயத்துக்குப் புதியன அல்ல. திருஞானசம்பந்தர் அந்தணச் சிறுவர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் குலத்தார். பிள்ளையார் பாட, பாணர் யாழில் இசைத்தார். குறிக்கோள் ஒன்று, உழைப்பும் ஒன்று. சாத்தமங்கையில் திருநீலநக்கர் இல்லத்தில் தங்கியபோது, பாணருக்கும் அவர் துணைவியாருக்கும் இடம் தருக என்று பிள்ளையார் பணித்தார். நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை. வீட்டின் நடுவே, வேள்வி வேதிகையின் பக்கத்தே இடம் தந்தார். வேதித் தீ வலமாகச் சுழித்து ஓங்கி எழுந்தது என்கிறார் சேக்கிழார். பெரியோர் ஒருவருடைய ஒரு சொல். அதனை ஏற்ற இல்லறத்தார் ஒருவருடைய துணிவு. அங்கே தீயும் வரவேற்றது. தில்லையில் நந்தனார் மூழ்கிய தீயை நினைவிற் கொள்ளுங்கள். மனிதர் முன்னரே கதவைத் திறந்திருந்தால், அடியார் ஒருவர் தம்மைத் தூயவர் என்று மெய்ப்பிக்கத் தீயில் இறங்க வேண்டிய தேவை எழுந்திராது என்பதே நாம் கொள்ளும் பொருள்.

சட்டம் தன் பங்கைச் செய்யாமல் இல்லை. 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் அவர்கள் ஒடுக்கப்பட்ட அன்பர்களுடன் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் புகுந்தார். 1947இல் சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலில், ஒடுக்கப்பட்ட மக்கள் காவலர் துணையோடு அடியெடுத்து வைத்த நாள் 2023 ஜனவரி 30! சட்டம் வாயிலைத் திறக்கும். வாயிலில் நிற்பவர் முகத்தை மலரச் செய்வது சட்டத்தால் ஆவதன்று. கூடிச் செய்யும் தொண்டால் ஆவது.

அத்தொண்டிலும் ஒரு நுட்பம் உண்டு. மாட் லோ என்னும் ஆய்வாளர், உத்தரப்பிரதேசச் சிற்றூர் இளைஞர் 1,261 பேரைக் கொண்டு கிரிக்கெட் அணிகள் அமைத்து ஆராய்ந்து, 2021இல் முடிவை வெளியிட்டார். பல சாதியாரும் ஒரே அணியில் கலந்து ஆடியவரிடையே சாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிரெதிர் அணியாக மட்டுமே சந்தித்தவரிடம் அப்பயன் விளையவில்லை. நம் தேர்த்திருவிழாவும் இப்படித்தான். ஊர் கூடி இழுத்தால் தேர் ஓடும்; உரிமைக்குப் போட்டியிட்டால் தேர் நிற்கும். சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவி சொர்ணமூர்த்தீசுவரர் தேர், வடம் பிடிக்கும் உரிமை பற்றி 1998இல் எழுந்த பூசலால் தடைப்பட்டு, வழக்குகள் பல கண்டு, நெடுங்கால இடைவெளிக்குப் பின் 2024 ஜூன் மாதத்தில் காவலர் சூழ ஓடிற்று. வடம் ஒன்றே, அது கூட்டவும் வல்லது, பிரிக்கவும் வல்லது.

ஆவடி, அம்பத்தூர் வாழ் அன்பர்களே! உங்களுக்கு இப்பாடம் கடினமானதன்று. 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது முதல், எத்தனையோ மாவட்டத்தார் வந்து குடியேறிய பகுதி இது. பட்டறையில் ஒரு வேலையை இருவர் சேர்ந்து முடிக்கும்போது, பிடிக்கும் கையின் சாதியை இரும்பு கேட்பதில்லை. மாலையில் வீடு தேடி வருபவரிடம் மட்டும் 'நீங்கள் என்ன ஆட்கள்?' என்று கேட்பது ஏன்? ஆலையில் இல்லாத கோடு, தெருவில் எங்கிருந்து வந்தது?

ஆதலின் விழாக்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். உழவாரத் திருப்பணிக்கும், அன்னம் சமைக்கவும் பரிமாறவும், வாகனம் தாங்கவும் ஆள் சேர்க்கும்போது தெருவாரியாகப் பிரிக்காதீர்கள். எல்லாத் தெருவினரையும் ஒவ்வொரு பணியிலும் கலந்து அமையுங்கள். சமைப்பவர் ஒரு சாரார், எச்சில் இலை எடுப்பவர் ஒரு சாரார் என்று அமைந்தால், நந்தனார் தந்த தோல் உள்ளேயும் நந்தனார் வெளியேயும் நின்ற பழைய கதைதான் மீண்டும் நடக்கும். தயங்கி வெளியே நிற்பவர் எவரேனும் இருந்தால், 'யாரும் தடுக்கவில்லையே, வரலாமே' என்று உள்ளிருந்தபடி சொல்லுதல் போதாது. எழுந்து சென்று, 'வாருங்கள் ஐயா, வாருங்கள் அம்மா' என்று அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இறைவன் ஆணையால் ஒருமுறை நந்தி விலகிற்று. ஒவ்வொரு நாளும் விலக வேண்டியவர்கள் நாம். மாசிலாமணிப் பெருமானும் கொடியிடை அம்மையும் அதற்குரிய மனத்தை நம் அனைவர்க்கும் அருள்வார்களாக!

திருச்சிற்றம்பலம்.