நம்மவர் நாகேஷ்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய பெரியோர் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் நயம்பட உரைத்து அமர்ந்தனர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இக் கரக்பூரில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாகிய அடியேன் அத்தகைய பெரும்பொருளைத் தொடுதல் முறையன்று. எனவே, நான் நன்கறிந்த கலைஞர் ஒருவரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அவரும் ஒரு காலத்தில் நம்மைப் போல் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவரே. அவர்தாம் நாகேஷ்.

1933ஆம் ஆண்டு, கன்னடம் பேசும் குடும்பத்திலே பிறந்து, தாராபுரத்திலே வளர்ந்தவர் அவர். சென்னையில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தார். மெலிந்த உடல், அம்மைத் தழும்பு நிறைந்த முகம். நடிகனுக்கு வேண்டுமென உலகம் வகுத்த அழகிலக்கணம் ஒன்றேனும் அவரிடம் இல்லை. அமெச்சூர் நாடகம் ஒன்றில் வயிற்றுவலிக்காரனாகச் சிறிதே நேரம் மேடையில் தோன்றும் வேடம் அவருக்குக் கிட்டிற்று. அச் சிறு வேடத்தையே அவர் நடித்துக் காட்டிய திறம் கண்டு, அன்று தலைமை தாங்கிய எம்.ஜி.ஆர். அவர்கள் மேடையிலேயே பாராட்டினார் என்பர். சிறிய வேடம், பெரிய வேடம் என்ற பாகுபாடு நடிகனின் மனத்திலே இருக்கின்றதேயன்றி, நாடகத்திலே இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இயல்பான நடிப்பு என்று சொல்கிறோம். அஃது யாது? நடிக்கின்றார் என்பதை நாம் மறந்துவிடுதலே அது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' படத்தை நினைவுகூருங்கள். திரைப்படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா, தந்தையாக வரும் பாலையாவிடம் திகில் கதை ஒன்றைச் சொல்கின்றான். அங்கே பேய் இல்லை, இருள் இல்லை, காடும் இல்லை. ஒரு மகனின் குரலும் கைகளும் கண்களுமே உள்ளன. கேட்கும் பாலையா நடுங்க நடுங்க நாம் சிரிக்கின்றோம். என் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் அமரும் வங்காளி நண்பர் ஒருமுறை என் இல்லத்தில் இக் காட்சியைக் கண்டார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. விளக்கிச் சொல்ல வாயெடுத்த என்னைக் கையமர்த்திவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இனி, அவர்தம் பல்திறத்தைப் பாருங்கள். 1965ஆம் ஆண்டு 'திருவிளையாடல்' படத்தில் தருமி; 1968ஆம் ஆண்டு 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் வைத்தி. இரண்டையும் இயக்கியவர் ஏ.பி. நாகராஜன். தருமி வறுமையால் பொய் சொல்கின்றான். அவன்மீது நமக்கு இரக்கம் பிறக்கின்றது. வைத்தியோ பிழைப்பையே சூழ்ச்சியாக்கிக் கொண்டவன். அவனை எண்ணி அஞ்சுகின்றோம். அதே உடல், அதே குரல். ஆயினும் மனிதர் இருவர். அவ் ஆண்டிலேயே வந்த 'எதிர்நீச்சல்' மாதுவோ, மாடிப்படிக்குக் கீழே உறங்கி, பல குடித்தனங்களுக்கும் ஏவல் செய்து, கல்வியைக் கைவிடாத அநாதை. அதனை இயக்கிய கே. பாலசந்தரும் சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவரே.

முதுமையிலும் அவர் ஓய்ந்தாரில்லை. 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கொடியவனாக வந்து நம்மை வெறுக்கச் செய்தார். 1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தார். கண்ணும் வாயும் அசையாத அந்த வேடத்திலும் அரங்கு சிரித்தது. அதே ஆண்டு 'நம்மவர்' படத்தில் மகளை இழந்த தந்தையாக வந்து, சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றார். 2009ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் மறைந்தார்.

அன்பர்களே! இவை யாவற்றினும் என் நெஞ்சில் நிற்பது 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்'. ஓட்டலில் பரிமாறிய சுந்தரம் புகழ்மிக்க நடிகனாகின்றான். அவன் படப்பிடிப்பில் இருக்கும் வேளையில் தாய்க்கு முடிவு நேர்கின்றது. மகன் வந்து சேரும்போது தாய் இல்லை.

2011ஆம் ஆண்டு, ஒரு மாலைப்பொழுதில் நான் பணியில் இருந்தபோது, ஊரிலிருந்து அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். ஒன்றரை நாள் பயணம். நான் வீட்டு வாசலை அடைந்தபோது, அம்மாவைக் கொண்டு சென்று ஒரு பகல் ஆகியிருந்தது. உறவினர் அழுதனர், எனக்கு அழுகை வரவில்லை. பதினாறாம் நாள் கழித்து இங்கு வந்து, பழையபடி கணக்கு எழுதினேன். மறு தைத்திங்களில் நம் சங்கத்தார் இதே மண்டபத்தில் 'சர்வர் சுந்தரம்' படத்தைத் திரையிட்டனர். அதுவரை நம்மைச் சிரிக்க வைத்த அம் முகம், தாயை இழந்த முகமாக மாறிய கணத்தில், ஊரில் வராத அழுகை எனக்கு இங்கே வந்தது. பக்கத்திலிருந்த மாமி ஒருவர் ஒன்றும் கேளாமல் என் கையைப் பற்றிக்கொண்டார். அவரும் தம் தாயின் முகத்தைக் கடைசியாகக் காணாதவரே என்று பின்னர் அறிந்தேன். இக் காலனியில் அத்தகையோர் எத்தனை பேர்! நம் துயரை நமக்காக அழுது காட்டிய கலைஞனை எங்ஙனம் மறப்பது?

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் ஆண்டுதோறும் நடந்த நாடகம் நின்று ஆறு ஆண்டுகள் ஆயின. பிள்ளைகளின் தமிழில் இந்தியும் வங்காளமும் வீசுகின்றன. மேடையேறினால் நகைப்பர் என்று பெற்றோர் தயங்குகின்றனர். நாகேஷின் வீட்டு மொழி கன்னடம் என்பதை எண்ணுங்கள். தமிழ் எழுத்தறியாத நம் சிறுவர், தருமியின் பேச்சை மட்டும் தடையின்றி ஒப்பிக்கின்றனர் என்பதையும் எண்ணுங்கள். அவர்களுக்கு வேண்டுவது ஒரு மேடை. வயிற்றுவலிக்காரன் வேடமாயினும் போதும்.

வரும் ஆண்டு விழாவில் நாடகம் நடக்கட்டும். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் பணியை நான் ஏற்கின்றேன். மாலைப் பணி முடிந்ததும் ஒத்திகைக்கு வந்துவிடுவேன்.