மாலை போட்டால் குடி நிற்குமா?

(நம் சங்கத்தின் கூட்டத்தில், குடிநோய் சிகிச்சை பற்றி வளாகவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராகப் பல வருடம் இருந்தவள் என்பதால், லிஃப்டில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி: "அக்கா, மாலை போட்டா அவரு குடியை விட்டுடுவாரா?" வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் சத்தமாகக் கேட்பார்கள். ஃபிளாட்காரர்கள் மெதுவாகக் கேட்பார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரிப்பதில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் தொடாமல் இருந்தவரிடம், "அந்த நாட்களில் நண்பர்கள் கூப்பிட்டால் என்ன சொன்னீர்கள்?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பேன். சாமி என்று எல்லோரும் கூப்பிடும்போது யாரும் கிளாஸை நீட்டுவதில்லை. விடியற்காலைக் குளியல், சாயங்கால பஜனை என்று பொழுதும் நிரம்பிவிடுகிறது. மாலையைக் கழற்றிய அன்று அத்தனையும் ஒரேயடியாகப் போய்விடும். 49-ஆவது நாளுக்கு என்ன ஏற்பாடு? சிகிச்சையில் நாங்கள் உட்கார்ந்து திட்டமிடுவது அதைத்தான். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவரோடும், ரமலான் நோன்பிலோ தவக்காலத்திலோ நிறுத்தியவரோடும் இதே பேச்சுதான்.

ஆனால் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், தூக்கமின்மை வரும்; சிலருக்கு இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குருசாமியிடம் போகுமுன் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்தும் வேண்டாம். டைசல்ஃபிராம் உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி விபரீதமாகலாம். அது, அவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மாத்திரை.

சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை 1980-இல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். நகரத்து ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்காக, அந்த அமைப்பு திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டுச் சிகிச்சை தந்தது. ஊருக்குள்ளேயே, ஊர்க்காரர்கள் ஒத்தாசையோடு, குடும்பத்தையும் சேர்த்து. அந்த அனுபவத்தை அவர் 1994-இல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். வீட்டுக்காரியைக் கூட உட்கார வைத்துப் பேசாத சிகிச்சை நம் ஊரில் அரைகுறைதான் என்பது என் அபிப்பிராயம். எல்லோரும் அவளைத்தான் "நீ சரியா பார்த்துக்கலை" என்கிறார்கள்; ஒருவராவது "நீ தூங்கினாயா" என்று கேட்பதில்லை.

கடைசியாக, நம் வளாகத்து விஷயம். செக்யூரிட்டியோ டிரைவரோ வாடையோடு வந்தால் அன்றைக்கு டியூட்டி கொடுக்காதீர்கள், சரி. கணக்கை முடித்து அனுப்புமுன், அவர் வீட்டில் யாரிடமாவது ஒருமுறை பேசுங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. அறிவிப்புப் பலகையில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். கேட்க வெட்கப்படுகிறவர்கள் அங்கே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.