தவுலிப் பாறையில் இல்லாத வருத்தம்
(க்ஷமாவணி நாளில் ஆற்றிய உரை)

 

சென்ற விடுமுறையில் நம் அறநெறி வகுப்பு மாணவர்களைக் கலிங்கப் போர் நடந்த நிலத்துக்கு அழைத்துச் சென்றோம். புவனேசுவரத்தை அடுத்த தவுலியில், பாறையில் செதுக்கிய யானையின் கீழே அசோகரின் கட்டளைகள் உள்ளன. அருகே தயா ஆறு ஓடுகிறது.

அப்போரில் ஓரிலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று அசோகரே தம் 13ஆம் பாறைக் கட்டளையில் வருந்தி எழுதியுள்ளார்.

“அந்த வரிகளைக் காட்டுங்கள், ஐயா” என்றாள் ஒரு மாணவி. காட்ட இயலவில்லை. நேமிநாதர் முக்தி எய்திய கிர்நார் மலையடிவாரத்தில் அக்கட்டளை உண்டு. அடிபட்ட கலிங்கத்தில் இல்லை. இங்கு அதற்கு ஈடாக, அதிகாரிகள் மக்களை நீதியோடு நடத்த வேண்டும் என்னும் வேறு கட்டளைகளே உள்ளன. பழம்புண்ணைக் கிளறலாகாது என மன்னர் எண்ணியிருக்கலாம்.

“யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவர்களிடம் சொல்லவில்லையே!” என்றாள் அவள்.

மறுநாள் உதயகிரியில் காரவேலரின் 17 வரிக் கல்வெட்டைக் கண்டோம். அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்கும் அது, அவர்தம் படையெடுப்புகளையும் பெருமிதத்தோடு கூறுகிறது. நம் சமயத்து மன்னர் என்பதற்காக அதனை நாங்கள் மாணவர்க்கு மறைக்கவில்லை.

அன்பர்களே, தசலட்சணப் பர்வம் நிறைவுற்று இன்று ஒருவரிடம் ஒருவர் பொறுத்தருள வேண்டுகிறோம். அன்பாயிருப்பவரிடம் வேண்டுவது எளிது. நம்மால் நொந்து, பேச்சு நின்றுபோன உறவொன்று பல இல்லங்களிலும் உண்டு. இன்று மாலைக்குள் அவ்வாயிலுக்குச் செல்வோம். கிர்நாரில் எழுதிய வருத்தம் கலிங்கத்துக்கும் போய்ச் சேரட்டும்.

வாழ்க அறம்!